மளிகை விலை ஒப்பீடு: ரசீதில் வரும் ‘மிச்சம்’ உண்மையான மிச்சமா?

நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

எங்கள் பகுதியில் நடந்து போகும் தொலைவிலேயே மூன்று பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன. மூன்றின் வாசலிலும் ‘ஊரிலேயே குறைந்த விலை’ என்று பலகை இருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. எனவே வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பொருளையும் மூன்று கடைகளிலும் பார்த்து எழுதினேன். கடைகளின் பெயர் இந்த இணைய உரையாடல் இழைக்கு வேண்டாம். கிளைக்குக் கிளை, வாரத்துக்கு வாரம் விலை மாறுகிறது. அ, ஆ, இ என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் துவரம்பருப்பு. அ கடையின் சொந்தப் பெயரில் வரும் ஒரு கிலோ பொட்டலம்: எம்ஆர்பி ரூ.210, கடை விலை ரூ.149. ரசீதின் அடியில் ‘நீங்கள் மிச்சப்படுத்தியது ரூ.61’ என்று வருகிறது. ஆ கடையின் சொந்தப் பொட்டலம்: எம்ஆர்பி ரூ.160, கடை விலை ரூ.142. மிச்சம் ரூ.18. மிச்சத்தைப் பார்த்து முடிவு செய்பவர் அ கடைக்குப் போவார். கிலோவுக்கு ஏழு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அறுபத்தொரு ரூபாய் லாபம் என்ற நிறைவோடு வீடு திரும்புவார்.

எம்ஆர்பி அரசு நிர்ணயிக்கும் விலை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். பொட்டலம் போடுகிறவர் போடும் விலை அது. கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருளில் எம்ஆர்பியைத் தீர்மானிப்பதும் கடைதான், தள்ளுபடியைத் தீர்மானிப்பதும் கடைதான். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்து நாம் எதை அளக்க முடியும்?

அடுத்தது சூரியகாந்தி எண்ணெய். அ கடையில் ஒரு பை ரூ.156. இ கடையில் வேறொரு நிறுவனத்தின் பை ரூ.149. கையில் எடுத்தால் இரண்டும் ஒரே உயரம். முதல் பையில் ஒரு லிட்டர், 910 கிராம். இரண்டாவதில் 850 கிராம். கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது ரூ.171.40, இரண்டாவது ரூ.175.30. ‘மலிவான’ பைதான் விலை அதிகம்.

இந்த இழையில் உங்கள் ஊர் விலைகளை எழுதும்போது, நிகர எடை, கையிலிருந்து போன பணம், கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்ற மூன்றையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘அங்கே மலிவு, இங்கே கொள்ளை’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை.

வேளச்சேரிவாசி

நல்ல முயற்சி. ஆனால் இவ்வளவு கணக்கு எத்தனை பேர் போடுவார்கள்? பொட்டலத்திலேயே ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று இப்போது அச்சடிக்கிறார்களே. அதைப் பார்த்தால் போதாதா?

முத்திரைத்தராசு

எடையளவுச் சட்டப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இதை நான் எழுதுகிறேன். நம் மாநிலத்தில் அந்தப் பிரிவு தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் பொட்டலப் பொருள்களுக்கான விதிகள் வந்தன. அவற்றின் இரண்டாம் அட்டவணையில் தேயிலை, பிஸ்கட், சமையல் எண்ணெய், அரிசி, மாவு, பருப்பு போன்ற பொருள்களை இன்ன இன்ன அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்று இருந்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. இனி எந்த அளவிலும் பொட்டலம் போடலாம்; அதற்கு ஈடாக அலகு விலையை, அதாவது ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதை, அச்சிட வேண்டும் என்றார்கள். சகோதரி சொன்ன 850 கிராம் எண்ணெய்ப் பை சட்டத்துக்கு உட்பட்டதுதான். எடை சரியாக அச்சிடப்பட்டிருக்கும் வரை அந்த நிறுவனத்தின் மீது குற்றம் சொல்ல முடியாது.

அலகு விலையைப் பற்றி வேளச்சேரித் தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது எம்ஆர்பியிலிருந்து கணக்கிடப்படுவது. கடை உங்களிடம் வாங்கும் விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சகோதரியின் துவரம்பருப்பையே அரைக் கிலோப் பொட்டலமாகப் போட்டு, எம்ஆர்பி ரூ.105 என்று வைத்தால், கிராமுக்கு 21 காசு என்று அச்சாகும். நீங்கள் கொடுப்பதோ கிராமுக்கு 15 காசு அளவில்.

கணக்குஆசிரியை (நாமக்கல்)

ஐயா சொன்னதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலங்களில் கிராமுக்கு விலை, அதற்கு மேற்பட்டவற்றில் கிலோவுக்கு விலை. அதுவும் இரண்டு தசம இடங்களோடு நின்றுவிடுகிறது. கிராமுக்கு ரூ.0.16 என்று அச்சிட்டிருந்தால் உண்மையான விலை கிலோவுக்கு ரூ.155 முதல் ரூ.165 வரை எதுவாகவும் இருக்கலாம். கிலோவுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் அந்த இரண்டு தசமங்களுக்குள் மறைந்துவிடுகிறது! பருப்பில் பத்து ரூபாய் என்பது கடை மாறுவதற்குப் போதுமான தொகை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேர்மாறல் நடத்தும்போது இந்தப் பொட்டலங்களைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். புத்தகக் கணக்கைவிட இதை ஆர்வமாகப் போடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் வந்து, மகள் கடையில் வைத்து மாவுப் பொட்டலத்தை மாற்றி எடுக்க வைத்ததைச் சொன்னபோது மிகவும் மகிழ்ந்தேன்.

மூன்றாம்தலைமுறை மளிகை (மதுரை)

இழை தொடங்கியவர் மீது மதிப்பு வைத்தே மறுக்கிறேன். கிலோவுக்கு என்ன விலை என்பது பாதிக் கணக்குத்தான். என்ன கிலோ என்பது மீதி.

துவரம்பருப்பு என்ற ஒரே பெயரில் என் கடைக்கே பல ரகம் வருகிறது. நம் நாட்டுத் துவரை, மியன்மாரிலிருந்து வருவது, மொசாம்பிக், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருவது என்று எல்லாம் சந்தையில் உண்டு. வேகும் நேரமும் குழையும் பதமும் சுவையும் ஒன்றல்ல. உங்கள் ரூ.149 பருப்பும் ரூ.142 பருப்பும் ஒரே ரகம்தானா? பொட்டலத்தின் மேல் அது எழுதப்பட்டிருக்காது.

புளியைப் பாருங்கள். கொட்டைப் புளிக்கும் கொட்டை எடுத்த புளிக்கும் கிலோ விலை எப்படி ஒன்றாகும்? கொட்டையும் நாரும் ஓடும் போனால் கையில் நிற்பது எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அரிசியில் புது அரிசி கிலோவுக்கு நாலைந்து ரூபாய் குறைவாகக் கிடைக்கும். ஓராண்டு பழைய பொன்னி அதே படிக்குக் கூடுதலாகச் சோறு காணும், குழையாது. விலை குறைந்த அரிசி மாதக் கடைசியில் முன்னதாகத் தீர்ந்துபோவதை வீட்டில் சமைப்பவர் நன்றாக அறிவார்.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரம் அச்சிட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி. மூட்டையைப் பிரித்து உங்கள் கண்முன் நிறுத்துத் தந்தால் வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ அரிசி மூட்டை நம் சந்தையில் பரவியது. 25 கிலோ மூட்டையையும் 26 கிலோ மூட்டையையும் மூட்டை விலையில் ஒப்பிடுகிறவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

பெரிய கடையில் நுழைந்து பத்துப் பொருளுக்குச் சீட்டு எழுதிப் போனவர் இருபது பொருளோடு வெளியே வருகிறார். அந்தக் கூடுதல் பத்தின் விலையை எந்த அட்டவணையில் எழுதுவீர்கள்?

நொய்யல்கரை

அண்ணா, ரகம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். அட்டவணையில் ‘ரகம்’ என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். அரிசிக்கு ‘பழையது / புதியது’, புளிக்குக் ‘கொட்டையுடன் / கொட்டை எடுத்தது’. பருப்பைப் பொறுத்தவரை, இரண்டு கடையிலும் கிடைக்கும் ஒரே நிறுவனப் பொட்டலத்தை ஒரு வரியிலும், கடைகளின் சொந்தப் பொட்டலத்தைத் தனி வரியிலும் எழுதினால் கலப்பு வராது.

ஆனால் கூடுதலாக வாங்குவதைக் காரணம் காட்டி ஒப்பீடே வீண் என்பதை நான் ஏற்கவில்லை. சீட்டை மீறி வாங்காமல் இருப்பது என் கையில் இருக்கிறது. பொட்டலத்தின் எடை குறைவது என் கையில் இல்லை. என் கையில் இல்லாததைத்தான் இங்கே எல்லோரும் சேர்ந்து கண்காணிக்க வேண்டும் என்கிறேன்.

சரக்குவேன் (திருப்பூர்)

விநியோகஸ்தரிடம் வேலை பார்ப்பவன். இந்த இழையை ஆர்வமாகப் படித்து வருகிறேன். உள்ளே நடப்பதில் சிலவற்றைச் சொல்கிறேன்.

சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றில் சிறிய கடைக்குக் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் எம்ஆர்பியில் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஒரு சோப்புக்கு எம்ஆர்பியிலிருந்து பதினைந்து விழுக்காடு குறைத்துக் கொடுக்கும் பெரிய கடையோடு அவர் எப்படிப் போட்டி போடுவார்? சில நேரங்களில், எங்களிடம் வாங்குவதைவிடப் பெரிய கடையின் சலுகை விலை குறைவாக இருக்கிறது என்று சில்லறை வணிகர்களே அங்கே போய் வாங்கி வருகிறார்கள்.

பெரிய கடைகளுக்கு இது எப்படி முடிகிறது என்பதற்கு டிமார்ட் என்ற தொடர் கடையை எடுத்துக்கொள்ளலாம். 2002இல் மும்பை பவாயில் முதல் கடை. இடத்தைப் பெரும்பாலும் சொந்தமாகவே வாங்கிவிடுவதால் வாடகை ஏறும் கவலை குறைவு. சரக்கு அனுப்பியவருக்கு விரைவாகப் பணம் கொடுத்துவிடுகிறார்கள்; பணம் விரைவாக வந்தால் நிறுவனங்கள் விலையைக் குறைத்துத் தரும். ரகங்களின் எண்ணிக்கையையும் குறைவாக வைத்து, வேகமாக விற்பதை மட்டும் அடுக்குவார்கள். ஆண்டு முழுவதும் ஓரளவு ஒரே தாழ்ந்த விலை என்பது அவர்கள் முறை. வேறு சில தொடர் கடைகள் மாத முதல் வாரத்திலும் விடுமுறை நாள்களிலும் சில பொருள்களைப் பெரிதாகக் குறைத்து, மற்ற நாள்களில் ஏற்றிவிடுகின்றன. ஆகவே ஒப்பிடும் நாளையும் எழுதுங்கள். ஐந்தாம் தேதி விலையையும் இருபதாம் தேதி விலையையும் அருகருகே வைத்தால் படம் பிழையாகிவிடும்.

எந்தக் கடையாக இருந்தாலும் சர்க்கரை, எண்ணெய், பருப்பு ஆகியவற்றின் விலைதான் மக்கள் நினைவில் நிற்கும். கடைகளுக்கு இது தெரியும். அவற்றில் லாபமே இல்லாமல்கூடக் கொடுத்துவிட்டு, கடுகு, சீரகம், ஏலக்காய், பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் பொருள்கள் என்று யாருக்கும் விலை நினைவில்லாத இடத்தில் ஈடுகட்டுவார்கள். ஒப்பீட்டில் மசாலாப் பொருள்களைக் கட்டாயம் சேருங்கள். நூறு கிராம் சீரகத்தின் விலையைப் பத்தால் பெருக்கிப் பார்த்தால் கண் திறக்கும்.

வேளச்சேரிவாசி

பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் செயலிகளையும் இதே போலப் பார்த்தேன். பொருளின் விலை பல நேரம் கடைக்குச் சமமாகவே இருக்கிறது. பணம் செலுத்தும் பக்கத்தில்தான் கையாளும் கட்டணம், கொண்டுவரும் கட்டணம், கூடையில் குறைந்த தொகைக்கு வாங்கினால் அதற்கொரு கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம் என்று வரிசையாக வருகின்றன. அரை லிட்டர் பாலும் ஒரு ரொட்டியும் வாங்கும்போது கட்டணங்கள் பொருள் விலையில் பாதிக்குப் போய்விட்டன.

ஒப்பீட்டில் இந்தக் கட்டணங்களையும் பொருள் விலையோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தறிக்காரர் மகள் (ஈரோடு)

அப்படியென்றால் கடைக்குப் போய்வரும் செலவையும் எழுத வேண்டும். எனக்கு அருகில் பெரிய கடை இல்லை. ஆட்டோவில் போய் வந்தால் மிச்சப்படுத்தியதெல்லாம் அதற்கே சரியாகிவிடும். சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மாதச் சாமானுக்கு நானும் அம்மாவும் பேருந்தில் போகிறோம். இரண்டு பைகளோடு படியேறும் அளவுக்குத்தான் வாங்க முடியும். அரிசி மூட்டைக்கு அது உதவாது. அரிசி எங்கள் தெரு மளிகையில்தான். அவர் மூட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து இறக்குகிறார்.

இன்னொன்று. நியாய விலைக் கடையை யாரும் குறிப்பிடவே இல்லையே! துவரம்பருப்பு கிலோ ரூ.30, பாமாயில் லிட்டர் ரூ.25. இதை முதல் வரியில் எழுதிவிட்டு, வீட்டுக்கு எவ்வளவு போதவில்லையோ அதற்கு மட்டும் சூப்பர் மார்க்கெட்டுகளை ஒப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பருப்பில்தான் சாம்பார். நல்ல பருப்புதான்.

நொய்யல்கரை

தங்கை சொன்னது மிக முக்கியம். அட்டவணையின் முதல் வரியில் சேர்த்துவிட்டேன். காய்கறிக்கும் இதேபோல உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை தொடங்கப்பட்டது. இப்போது பல மாவட்டங்களிலும் இருக்கின்றன. அன்றன்றைய விலையை வாசலில் பலகையில் எழுதிவிடுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி வாங்குவதற்கு முன் அந்தப் பலகையை ஒரு முறை பார்த்தால் போதும். காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்பதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிரமம்.

திருவல்லிக்கேணி (சென்னை)

நான் வயதானவள். என் பேத்தி இந்த இழையைப் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்கிறாள்.

விலையை நுகர்வோரே கட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் பேட்டையில் பழையது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கியது. உறுப்பினர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கித் தங்களுக்குள் நியாயமான விலைக்கு விற்றுக்கொள்ள ஆரம்பித்த சங்கம் அது. அதன் காமதேனு அங்காடியில்தான் நான் பல காலம் சாமான் வாங்கினேன். அரசின் அமுதம் அங்காடியும் உண்டு. பருப்பு விலை ஏறும் காலங்களில் இந்த இடங்களில் வெளிச்சந்தையைவிடக் குறைத்து விற்பார்கள். இளையவர்கள் உங்கள் அட்டவணையில் இவற்றுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

சுபிக்ஷா என்ற தொடர் மளிகைக் கடையையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். 1997இல் திருவான்மியூரில் ஆரம்பித்தார்கள். குளிர்சாதனம் இல்லை, அலங்காரம் இல்லை, எல்லாப் பொருளும் எம்ஆர்பியைவிடக் குறைவு. அன்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது பெரிய வியப்பு. நாடு முழுக்கப் பரவி, 2009இல் மூடப்பட்டுவிட்டது. ஒரே கடையை நம்பித் தெரு மளிகைகளைக் கைவிட்ட பகுதிகளில் பிறகு மக்கள் சிரமப்பட்டார்கள். விலையை ஒப்பிடுங்கள், ஆனால் கொஞ்சம் சாமான் தெருக்கடையிலும் வாங்குங்கள் அம்மா. போட்டி இருக்கும் வரைதான் விலை இறங்கும்.

செம்பவாங்வாசி (சிங்கப்பூர்)

பாட்டிக்கு வணக்கம். இங்கே நுகர்வோர் சங்கமே 2019இல் ‘பிரைஸ் காக்கி’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. பல பேரங்காடிகளின் விலையை அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொதுமக்களும் தாங்கள் கண்ட விலையைப் பதிவேற்றலாம். ஃபேர்பிரைஸ் போன்ற கடைகளில் அடுக்கின் விளிம்பில் ஒட்டியுள்ள சீட்டிலேயே 100 கிராமுக்கு என்ன விலை என்பதும் இருக்கும். கடை கேட்கும் விலையிலிருந்து கணக்கிட்டது அது. முத்திரைத்தராசு ஐயா சொன்ன எம்ஆர்பியை அச்சிடும் வழக்கம் இங்கே இல்லாததால், கடை விலை ஒன்றுதான் கண்ணில் படும். தமிழ்நாட்டுக் கடைகளும் அடுக்குச் சீட்டில் அலகு விலையைப் போட்டால் இந்த இழையில் பாதிக் கணக்குக்குத் தேவையே இருக்காது.

முத்திரைத்தராசு

நான் பணியில் இருந்த காலத்திலிருந்தே விரும்புவது அதைத்தான். கடை விலைக்கு அலகு விலையை அடுக்குச் சீட்டில் காட்ட வேண்டும், எல்லா அளவுக்கும் கிலோ அல்லது லிட்டர் என்ற ஒரே அலகில் காட்ட வேண்டும். கடைகளின் கணினியில் எடையும் விலையும் ஏற்கெனவே இருக்கின்றன. வகுத்து அச்சிடுவதற்குப் புதிதாக ஒரு செலவும் இல்லை. நுகர்வோர் அமைப்புகள் எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

எம்ஆர்பிக்கு மேல் யாராவது வாங்கினாலோ, அச்சிட்ட எடை இல்லாவிட்டாலோ தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதையும் பொட்டலத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரித்துவிட்டு வந்தால் எடைக்குறைவை நிரூபிப்பது கடினம்.

நொய்யல்கரை

எல்லோர் சொன்னதையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டேன். இந்த முறை ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டில் மாதம் ஆகும் அளவுக்கு ஏற்ப முக்கியத்துவம் கொடுத்தேன். அரிசி 25 கிலோ ஆகிறது. கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைந்தால் மாதம் நூறு ரூபாய். தக்காளிச் சாறு புட்டி ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று எங்கள் வீட்டில் எப்போதோ வாங்கும் பொருளில் முப்பது ரூபாய் குறைவதை அதனோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

முடிவு இப்படி வந்தது. அரிசியும் புளியும் தெரு மளிகையில். எண்ணெய், சர்க்கரை, சோப்பு, பற்பசை ஆ கடையில். மசாலாப் பொருள்கள் மூன்று பெரிய கடைகளிலும் விலை அதிகம். அவற்றை மொத்தக் கடை வீதியில் நிறுத்து வாங்குவது நல்லது. காய்கறி உழவர் சந்தையில். அ கடையின் ரசீதில்தான் ‘மிச்சம்’ மிகப் பெரிய தொகை. மொத்தக் கணக்கில் அதுதான் மூன்றிலும் விலை கூடிய கடை.

பழைய ரசீதுகளை வைத்து ஒப்பிடுகிறவர்கள் 2025 செப்டம்பர் 22க்கு முந்தையவற்றைத் தனியாக வையுங்கள். அன்றுதான் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், நெய், வெண்ணெய்க்கு 12லிருந்து 5 ஆகவும் இறங்கியது. அதற்குப் பின் விலை குறைந்ததைக் கடையின் தாராளம் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாம்தலைமுறை மளிகை (மதுரை)

அரிசியும் புளியும் தெரு மளிகைக்கு வந்ததில் மகிழ்ச்சி. ஒரே ஒரு வேண்டுகோள்: புளியை மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது ஓராண்டுக்கும் சேர்த்து வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் வையுங்கள். மாதாமாதம் வாங்கும் விலையோடு அதையும் ஒரு வரியில் ஒப்பிட்டு எழுதுங்கள்.

நொய்யல்கரை

எழுதுகிறேன் அண்ணா. பங்குனியில் எந்தச் சந்தையில் வாங்குவது நல்லது என்று மட்டும் சொல்லுங்கள்.

சரக்குவேன் (திருப்பூர்)

அண்ணன் சொல்லும் முன் நான் சொல்லிவிடுகிறேன்: நம் பக்கத்துக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் புளிதான். வாங்கும்போது ஒரு சுளையைப் பிரித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் எடை கூடித் தெரியும், பிறகு காய்ந்து இறங்கிவிடும்.